எச்சூர்ப் பந்தலும் எட்டாம் பிரிவும்

சுங்குவார்சத்திரம். காலை ஐந்தே முக்கால். பெங்களூரு நெடுஞ்சாலையோரம் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. கழுத்தில் நாடா, நாடாவின் முனையில் அட்டை, அட்டையில் படம். படத்திலுள்ள முகம் நிற்கிற முகத்தைவிட நாலைந்து வயது இளையது.

கம்பெனி பஸ்கள் வருகின்றன. முன்கண்ணாடியில் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே தட எண். ஒன்று கார் கம்பெனிக்கு, ஒன்று கண்ணாடிக் கம்பெனிக்கு, ஒன்று டயருக்கு, ஒன்று புல்லட்டுக்கு. இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம். எது தன் பஸ் என்பது கால்களுக்குத் தெரியும். கண்கள் செல்போனில் இருக்கின்றன.

டீக்கடைச் சுவரில் ‘அறை வாடகைக்கு’ அட்டை இரண்டு மொழிகளில் ஒட்டியிருக்கிறது. இந்திதான் பெரிய எழுத்தில். கீழே அழைக்க வேண்டிய எண். அதன் கடைசி இரண்டு இலக்கங்களை யாரோ ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மறைத்திருக்கிறது.

சாம்சங் பஸ் வந்து நிற்கிறது. ஏறுகிறவரின் சட்டையில் அந்தப் பெயர். அட்டையில் அந்தப் பெயர். சம்பளச் சீட்டின் தலைப்பில் அந்தப் பெயர். வீட்டில், தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜின் கதவிலும். பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தில் ‘தந்தை பணிபுரியும் இடம்’ என்ற கோட்டின் மேலும் அவர் அதையேதான் எழுதியிருக்கிறார். இதுவரை எங்கும் யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

பஸ் நகர்கிறது. அடுத்த வரிசை நிற்கத் தொடங்குகிறது.

*

2024 ஜூன். ஒரு படிவம்.

படிவம் அப்படியொன்றும் தடிமன் இல்லை. சங்கத்தின் பெயர். தலைமை அலுவலக முகவரி. விண்ணப்பிக்கும் உறுப்பினர்களின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம். நிர்வாகிகளின் பதவி, பெயர், வயது, முகவரி, தொழில். கூடவே சங்க விதிகளின் பிரதி ஒன்று. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பம் ஆகிவிடும். ஆலையில் பத்தில் ஒரு பங்குப் பேரோ, நூறு பேரோ, இரண்டில் எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அப்போது அமலில் இருந்த 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் கேட்டது இவ்வளவுதான். நூறு பேர் கணக்கு 2001-ல் வந்த திருத்தம்.

சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007-ல் திறந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,800 பேர். கம்பெனியின் இந்திய வருவாயில் மூன்றிலொரு பங்குக்கு நெருக்கமாக இங்கிருந்து போகிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சங்கம் இல்லை. பதினேழு ஆண்டுகளாக இல்லை.

மேஜையில் பேனா ஒன்றுதான் இருக்கிறது. கை மாறுகிறது. கையெழுத்துப் போட்டவர் மூடியைப் போடாமலே அடுத்தவரிடம் நீட்டுகிறார். அடுத்தவர் சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு வாங்குகிறார். ஒருவர் ‘வயது’ என்ற இடத்தில் கொஞ்சம் யோசிக்கிறார். ஆதாரில் ஒன்று, அம்மா சொல்வது ஒன்று.

‘சங்கத்தின் பெயர்’ என்ற இடத்தில் யாரும் யோசிக்கவில்லை. சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம். சிஐடியு இணைப்பு. தலைவர் இ. முத்துக்குமார்.

*

அரசு அலுவலகத்தின் தபால் பிரிவு. ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பு. திறப்புக்கு உள்ளே ஒரு கை. கை தாளை வாங்குகிறது, நீல மையில் அமுக்கிய ரப்பர் முத்திரையை ஓங்கி வைக்கிறது, நகலின் மேலும் வைக்கிறது. தேதி சக்கரம் சரியாகத் திரும்பவில்லை. கை பேனாவால் தேதியைத் திருத்துகிறது.

நகல், பிளாஸ்டிக் உறைக்குள் போகிறது. உறை, பைக்குள். பை, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே.

ஜூலை.

வராந்தாவில் நீளமான மர பெஞ்சு. ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் மடித்த காகிதம் கொடுத்திருக்கிறார்கள். அச்சடித்த ஏதோ ஒரு படிவம்தான்.

“சார் இருக்காரா?”

“மீட்டிங்ல இருக்காரு.”

“எப்ப வருவாரு?”

“மீட்டிங் முடிஞ்சதும்.”

கேட்டவர் உட்கார்கிறார். பெஞ்சு ஆடுகிறது. சுவரில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு உறுதிமொழி, குறைந்தபட்சக் கூலி அட்டவணை, போன வருடத்துக் காலண்டர். மின்விசிறி காலண்டரின் கடைசித் தாளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

அதே அலுவலகத்துக்கு இன்னொரு உறையும் வருகிறது. தடித்த வெள்ளைத் தாள், நேர்த்தியான தலைப்பு. கம்பெனியின் ஆட்சேபம். சாம்சங் என்பது பதிவு பெற்ற வணிகச் சின்னம். சங்கத்தின் பெயரில் அது வரக் கூடாது. இந்த உறைக்கும் அதே முத்திரை விழுகிறது. தேதி சக்கரத்தைச் சரிசெய்துவிட்டார்கள்.

சட்டத்தின் 7-ம் பிரிவில் பெயர் பற்றி ஒரு வரி உண்டு. ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் பெயரும் இதுவும் ஒன்றாக இருந்தால், அல்லது ஆட்கள் ஏமாறும் அளவுக்கு ஒத்திருந்தால், மாற்றச் சொல்லிப் பதிவாளர் கேட்க வேண்டும். கம்பெனியின் பெயரைப் பற்றி அந்த வரி பேசவில்லை. 8-ம் பிரிவு இன்னும் சிறியது. தேவைகள் நிறைவேறின என்று திருப்தியடைந்தால் பதிவாளர் சங்கத்தைப் பதிவு செய்வார். எத்தனை நாளில் திருப்தியடைய வேண்டும் என்று இயற்றியபோது யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகஸ்ட்.

கட்டு தடிக்கிறது. நாடா போட்டுக் கட்டுகிறார்கள். அவிழ்க்கிறார்கள். கட்டுகிறார்கள்.

*

செப்டம்பர் 9, திங்கள். எச்சூர். வேலைநிறுத்தம் தொடங்குகிறது.

ஆலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெற்று மனை. சீமைக்கருவேலம் வெட்டிய அடிக்கட்டைகள் இன்னும் கூராக நிற்கின்றன. மூங்கில், தார்ப்பாய், கயிறு. பந்தல். செங்கொடிகள் கம்பங்களில் சுற்றிக்கொள்கின்றன. ஒருவர் சுற்றுச் சுற்றாக எடுத்துவிடுகிறார். காற்று மறுபடி சுற்றுகிறது.

ஷிஃப்ட் நேரத்துக்குத்தான் வருகிறார்கள். கையில் டிபன் பாக்ஸ். கழுத்தில் அட்டை. சிலர் கம்பெனிச் சட்டையோடு. நுழைகிற இடத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட. ஒருவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்து காரணம் சொல்கிறார். நோட்டு வைத்திருப்பவர் சிரிக்கிறார். தாமதமாக வந்தவருக்கு அப்புறம்தான் உறைக்கிறது.

தரையில் தார்ப்பாய். வரிசை கலையாமல் உட்கார்கிறார்கள். ஒலிபெருக்கி சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று.

கோரிக்கைகள் பேனரில் இருக்கின்றன. சங்கத்தை அங்கீகரி. கூலியை உயர்த்து. எட்டு மணி நேர வேலை. மாதச் சம்பளம் சராசரி 25,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 36,000 ஆகட்டும் என்கிறது சங்கம். இந்த வட்டாரத்தில் இதே வேலைக்குக் கிடைக்கும் சராசரியைப் போல் 1.8 மடங்கு கொடுக்கிறோம் என்கிறது கம்பெனி. மேடையில் ஒருவர் இரண்டு கணக்கையும் சொல்கிறார். இரண்டுக்கும் கைதட்டல் விழுகிறது; இரண்டாவதில் விசில் சேர்ந்திருக்கிறது.

ஒரு பொருளுக்குப் பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று லைனில் நிற்பவர்கள் பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறார்கள். தொழிலாளர் சட்டங்கள் அனைத்தையும் பின்பற்றுகிறோம் என்று கம்பெனி அறிக்கை தருகிறது. பத்திரிகைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொழிலாளி ஒருவரின் வலது மணிக்கட்டு தானாகத் திருகிக் காட்டுகிறது. ஸ்குரூ இல்லை. இருந்தாலும் திருகுகிறது.

பதினொரு மணிக்கு டீ. எவர்சில்வர் டிரம். காகிதக் கப். காவலுக்கு வந்த போலீஸ்காரர் வேப்பமர நிழலில் ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் ஒரு கப் போகிறது. அவர் இடமும் வலமும் பார்த்துவிட்டு வாங்குகிறார்.

செல்போன்கள் ஒரே நேரத்தில் அதிர்கின்றன. கம்பெனியிடமிருந்து மெயில். வேலை இல்லையேல் ஊதியம் இல்லை. படிக்கிறார்கள். ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். ஒருவர் கால்குலேட்டரைத் திறக்கிறார். பைக் தவணை ஐந்தாம் தேதி. நகைக்கடன் வட்டி பத்தாம் தேதி. கால்குலேட்டரை மூடுகிறார், மறுபடி திறந்து அதையே போட்டுப் பார்க்கிறார். விடை மாறவில்லை.

மதியம். டிபன் பாக்ஸ்கள் திறக்கின்றன. புளிசாதம், லெமன் சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஒருவருடைய பாக்ஸில் முட்டை. மூடியில் முட்டை நான்கு துண்டாகிறது.

ஒருவர் கையில் ஒரு வீடியோ. தென்கொரியா, ஹ்வாசோங், அதே ஆண்டு ஜூலை 8. மழை. மழைக்கோட்டு போட்ட ஆயிரக்கணக்கான பேர் கைகளை ஒரே மாதிரி உயர்த்துகிறார்கள். தேசிய சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சங்கம். சுமார் 30,000 உறுப்பினர்கள். கம்பெனியின் வரலாற்றில் முதல் பொது வேலைநிறுத்தம் அங்கே அதுதான். சங்கமே வேண்டாம் என்ற கொள்கையை இனி விட்டுவிடுவதாகக் கம்பெனியின் வாரிசு 2020-ல் சியோலில் கேமராக்களுக்கு முன்னால் தலை குனிந்து சொன்ன வீடியோவும் அடுத்ததாகத் தானே ஓடுகிறது.

“அங்க பேர்லயே சாம்சங் இருக்குடா.”

“அது கொரியா.”

“கம்பெனியும் கொரியாதான?”

பதில் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜ் விளம்பரம்.

ஓரத்தில் நாற்பது தாண்டிய ஒருவர். இந்த ஆலை ஆள் இல்லை; ஆதரவு சொல்ல வந்தவர். பத்தாண்டு முன்பு நோக்கியாவில் இருந்தார். 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூரில் அந்த ஆலை நின்றது. பர்ஸில் பழைய அட்டை இருக்கிறது. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவார். யாரும் கேட்கவில்லை. அவரே எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார்.

கம்பெனி பஸ் ஒன்று சாலையில் போகிறது. பாதி காலி. டிரைவர் ஹாரனை ஒரு முறை தொட்டுவிட்டுப் போகிறார். அதை வாழ்த்து என்று சிலரும் எச்சரிக்கை என்று சிலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரே மாடு நின்றது என்று ஒருவர் சொல்கிறார்.

மாலை. ஷிஃப்ட் முடிகிற நேரம். எழுந்து, பின்புறத்து மண்ணைத் தட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியேறுகிறார்கள். மறுநாள் அதே நோட்டு. அடுத்த நாளும் அதே நோட்டு.

*

செப்டம்பர் 16, திங்கள். காஞ்சிபுரம். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போவதாக இருந்தது. முந்தைய நாள் அண்ணா பிறந்தநாள். சிலைகளில் மாலை இன்னும் வாடவில்லை. அனுமதி இல்லை. 104 பேர் வேனில் ஏறுகிறார்கள். ஏறும்போது போலீஸ்காரர் தலை இடிக்காமல் குனியச் சொல்கிறார். பலருக்கு இப்படி ஒரு வேன் முதல் முறை. ஜன்னல் சீட்டைப் பார்த்து உட்கார்கிறார்கள்.

*

அக்டோபர் 7. சென்னை. அமைச்சர்கள் தா.மோ. அன்பரசன், டி.ஆர்.பி. ராஜா, சி.வெ. கணேசன். மேஜையில் மைக்குகள். தொழிலாளர் குழு ஒன்றுடன் கம்பெனி ஒப்பந்தம் போட்டுவிட்டதாக அறிவிப்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. பணிக்காலத்தில் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உடனடியாக ஒரு லட்சம். ஐந்து தடங்களில் ஓடும் ஏ.சி. பஸ், 108 தடங்களுக்கும். ராமாநுஜர் பிறந்த ஊருக்குப் பொருத்தமான எண்தான்.

எச்சூரில் அதை செல்போனில் பார்க்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி, அமைச்சர்களுக்குப் பின்னால் நிற்கும் முகங்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிறார்கள்.

“இவர் யாரு?”

“எந்த லைனு?”

சங்கத்தோடு ஒப்பந்தம் ஆகவில்லை என்று சிஐடியு சொல்கிறது. சங்கப் பதிவு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்புப்படி அரசு நடக்கும் என்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சொல்கிறார். சங்கம் போட்ட அந்த வழக்கில் எதிர்மனுதாரர் அரசின் பதிவாளர்.

அக்டோபர் 8 போய் 9 பிறக்கும் இரவு. வீட்டுக் கதவுகள் தட்டப்படுகின்றன. நிர்வாகிகள் சிலரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது. பந்தல் பிரிக்கப்படுகிறது. விடியும்போது மனையில் மூங்கில் நட்ட குழிகள் மட்டும்.

எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ்களோடு வருகிறார்கள். குழிகளுக்கு நடுவே, நேற்று உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்கிறார்கள். வெயில் ஏறுகிறது. ஒருவர் கைக்குட்டையை நான்கு மூலையும் முடிந்து தலையில் போட்டுக்கொள்கிறார். கட்சித் தலைவர்கள் வருகிறார்கள். ஆளும் கூட்டணியில் இருக்கிற கட்சிகளின் தலைவர்களும். கார்களை நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

அக்டோபர் 15. சென்னையில் கனமழை, சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள். தலைமைச் செயலகத்தில் விளக்குகள் எரிகின்றன. நான்கு அம்சங்கள். வேலைநிறுத்தத்தைக் கைவிட்டுத் தொழிலாளர்கள் திரும்புவார்கள். பங்கெடுத்ததற்காக நிர்வாகம் பழிவாங்காது. தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்கள். கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அலுவலர் முன் எழுத்து மூலம் பதில் தரும்.

சங்கத்தின் பெயர் நான்கில் எதிலும் இல்லை. அது பாரிமுனைக்குப் போய்விட்டது.

*

உயர் நீதிமன்றம். 1892-ல் கட்டிய செங்கட்டடம். மேலே ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் இருந்த கோபுரம். வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை. சிலைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் பூந்தமல்லி, அங்கிருந்து இன்னொன்று. இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருக்கும் ஒருவர் கேட்டில் அட்டையை நீட்டுகிறார். கம்பெனி அட்டை. காவலர் தலையசைக்கிறார்: இது இல்லை, ஆதார். நாடாவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஆதாரைத் தேடுகிறார்.

நீதிமன்ற அறைக்கு வெளியே சிவப்பு இலக்கங்கள் ஓடும் பலகை. 14. கையில் பட்டியல். பட்டியலில் தங்கள் எண் 61. பலகையில் 14. பலகையில் 14. பலகையில் 15. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிமிர்கிறார்கள்.

கறுப்பு அங்கிகள் போகின்றன, வருகின்றன. ஜூனியர் ஒருவர் தாடை வரை கட்டுகளை அடுக்கி, மேல் கட்டை முகவாயால் அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்தக் கட்டுகளில் ஒன்று இவர்களுடையது. எதுவென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எல்லாக் கட்டுக்கும் ஒரே பச்சை நூல்.

இந்தக் கட்டடம் ஆலைச் சண்டையை முன்பே பார்த்திருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் ஆட்கள், பி.பி. வாடியா, திரு.வி.க. 1920-ல் தகராறு முற்றியபோது மில் முதலாளிகளான பின்னி கம்பெனி இதே நீதிமன்றத்துக்கு வந்தது. வாடியா மேல் வழக்கு. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்டார்கள். தடையுத்தரவு கிடைத்தது. சங்கம் வைப்பது சதியா, உரிமையா என்று சொல்ல அப்போது சட்டம் இல்லை. 1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். சட்டம் 1926-ல் நிறைவேறி, 1927 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் நிரப்பிய படிவம்தான் பச்சை நூல் கட்டுக்குள் இருக்கிறது.

61 வருகிறது. உள்ளே தள்ளுமுள்ளு இல்லை, சற்று நெருக்கம். தொழிலாளர்கள் பின்சுவரோடு நிற்கிறார்கள். செல்போனை அணைத்தாயிற்றா என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கிறார்கள்.

பேச்சு ஆங்கிலத்தில். முன்னால் நிற்கும் முதுகுகள்தான் தெரிகின்றன. இடையிடையே ஒரு சொல் மட்டும் பின்சுவர் வரை வந்து சேர்கிறது: சாம்சங். இந்தப் பக்கத்து முதுகும் அதைச் சொல்கிறது. அந்தப் பக்கத்து முதுகும் சொல்கிறது.

கம்பெனி தன்னையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கேட்கிறது. வணிகச் சின்னச் சட்டம், 1999. தங்கள் பெயரை அனுமதியின்றி இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கத்தின் வாதம்: சங்கம் எதையும் தயாரிக்கவில்லை, எதையும் விற்கவில்லை, எந்த ஆலையின் ஆட்கள் என்று சொல்லத்தான் பெயர். சங்கப் பதிவு என்பது விண்ணப்பதாரருக்கும் பதிவாளருக்கும் இடையிலானது. முதலாளிக்கு அங்கே என்ன வேலை.

அரசுத் தரப்பு எழுகிறது. அவகாசம்.

ஐந்தாறு நிமிடம். ஒரு தேதி. முதுகுகள் திரும்புகின்றன. பின்சுவரிலிருந்தவர்கள் வராந்தாவுக்கு வருகிறார்கள்.

“என்ன ஆச்சு சார்?”

“வாய்தா.”

“எத்தனாந்தேதி?”

தேதியைச் சொல்கிறார். ஒருவர் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். இன்னொருவர் அன்று எந்த ஷிஃப்ட் என்று செல்போனில் பார்க்கிறார். வெளியே வந்ததும் நாடா மறுபடி சட்டைக்கு மேலே வருகிறது.

எதிரே பூக்கடைப் பக்கம் தள்ளுவண்டியில் சாம்பார் சாதம். நான்கு பேருக்கு மூன்று தட்டு. மின்சாதனக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். ஒருவர் உள்ளே போய்க் கதவின் இடுக்கை விரலால் தடவிப் பார்க்கிறார். ரப்பர் பீடிங் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் வருகிறார்.

“என்ன சார், பாக்கறீங்களா? எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு.”

“இல்லண்ணே, சும்மா.”

*

டிசம்பர் 5, வியாழன். உத்தரவு. சங்கத்தின் விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆறு வாரத்தில் முடிவெடுக்கப் பதிவாளருக்கு நீதிமன்றம் சொல்கிறது. பதிவு செய்யத் தடையா, தடையில்லையா என்று ஜூனில் தொடங்கிய கேள்வி, யார் மேஜையில் தொடங்கியதோ அதே மேஜைக்குத் திரும்புகிறது.

வாட்ஸ்அப்பில் வெடி, மலர், முஷ்டி. உத்தரவின் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். ‘ஆறு வாரம்’ என்ற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒருவர் மறுபடி அனுப்புகிறார்.

ஆறு வாரத்துக்குள் கிறிஸ்துமஸ் வருகிறது. புத்தாண்டு வருகிறது. போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல். அரசு அலுவலகத்தின் வாசலில் மாவிலைத் தோரணம் காய்கிறது. வராந்தாவில் பெஞ்சு ஆடுகிறது. சுவரில் காலண்டர் புதுசு.

2025 ஜனவரி 27, திங்கள். சான்றிதழ்.

ஒரு தாள். அரசு முத்திரை, பதிவு எண், கையொப்பம். நடுவில் பெயர். ஜூனில் படிவத்தில் எழுதியது எப்படியோ அப்படியே, ஓர் எழுத்துக் குறையாமல். இரண்டு பேர் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் படம் எடுக்கிறார். வெயில் தாளில் பட்டு எழுத்து வெளுக்கிறது. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறார்.

ஜெராக்ஸ் கடை. ஐம்பது நகல். கடைப் பெண் தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கிறார். பச்சை ஒளி ஐம்பது முறை ஓடுகிறது. அவர் இதைப் படிக்கவில்லை. ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்.

“லேமினேஷன் போடவாண்ணா?”

“ஒரிஜினலுக்குப் போடலாமா?”

“போட்டா அப்புறம் எடுக்க முடியாது.”

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நகலுக்குப் போடச் சொல்கிறார்கள்.

*

பிப்ரவரி.

பதிவான சங்கத்தின் நிர்வாகிகள் மூன்று பேர் பணியிடை நீக்கம். ஒழுங்கு நடவடிக்கை என்கிறது நிர்வாகம். பழிவாங்கல் என்கிறது சங்கம். பிப்ரவரி 5 முதல் ஆலைக்குள்ளேயே உட்கார்கிறார்கள். இந்த முறை பந்தல் இல்லை. ஆலைக்குக் கூரை உண்டு.

பேச்சுவார்த்தை. தொழிலாளர் துறை அலுவலகம். நீள மேஜை, பச்சை விரிப்பு, தண்ணீர் பாட்டில்கள். தலைமாட்டில் அலுவலர். இடப்பக்கம் நிர்வாகம், வலப்பக்கம் சங்கம். எந்தப் பக்கம் யார் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் சரியாக உட்கார்ந்துவிட்டார்கள். ஏ.சி.யின் ரிமோட் வேலை செய்யவில்லை. உதவியாளர் ஒருவர் அதைத் தொடையில் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

வருகைப் பதிவுத் தாள் சுற்றுக்கு விடப்படுகிறது. மூன்று பத்திகள். பெயர். எந்த அமைப்பு. கையொப்பம்.

நிர்வாகத் தரப்பிலிருந்து முதலில் எழுதுகிறார்கள். முதல் ஆள் கம்பெனியின் முழுப் பெயரை எழுதுகிறார். அவருக்குக் கீழே இருப்பவர் இரண்டாம் பத்தியில் இரண்டு சிறு கோடுகள் மட்டும் போடுகிறார்: மேற்படி. அடுத்தவரும் மேற்படி. தாள் மேஜையின் மறுபக்கம் வருகிறது.

வலப்பக்கத்து முதல் ஆள் பேனாவை வாங்குகிறார். சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்று எழுதுகிறார். பத்தியில் இடம் போதவில்லை. கடைசிச் சொல் கையொப்பப் பத்திக்குள் போய் நிற்கிறது. கீழே அடைப்புக்குறி போட்டு, பதிவு எண்ணையும் சேர்க்கிறார். இரண்டாமவர் பேனாவை வாங்குகிறார். மேலே பார்க்கிறார். சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்று முழுதாக எழுதத் தொடங்குகிறார். மூன்றாமவர் காத்திருக்கிறார்.

அலுவலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“மேற்படி போட்டா போதும்பா.”

“பரவால்ல சார்.”

ஐந்து பேர். ஐந்து முறை. தாள் தலைமாட்டுக்குப் போகிறது. அலுவலர் அதைக் கட்டில் சேர்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பொருளைப் படிக்கிறார். பணியிடை நீக்கம் தொடர்பாக. நிர்வாகத்தின் பதில் என்ன என்று இடப்பக்கம் திரும்புகிறார். நிர்வாகம் அவகாசம் கேட்கிறது.